மஞ்சள் வட்டத்தில் ஆள் இல்லை

விமானத்தின் இறக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறேன். கையில் போன். அந்த இடத்தில் வேறு வெளிச்சமே கிடையாது. மணி மாலை நாலு பதினெட்டு. எனக்கு வலப்பக்கம், சக்கரத்துக்கு அந்தப் புறம், பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் தெரிகின்றன.

நிற்கிற கால்கள் என்றால் பரவாயில்லை. இவை படுத்திருக்கிற கால்கள். என்னை மாதிரியே யாரோ மல்லாந்து படுத்திருக்கிறார்கள். பூட்ஸின் நுனி மேலே பார்க்கிறது.

நான் வரும்போது அங்கே யாரும் இல்லை.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

ஸ்பேனர் திருகுகிற சத்தம். அவசரமே இல்லாமல் திருகுகிற சத்தம்.

எழுந்து ஓடத்தான் நினைத்தேன். உடம்பு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடந்தது...

இது உண்மையில் நடந்தது. நேற்று சாயங்காலம் எனக்கு நடந்தது. இப்போது மணி ராத்திரி இரண்டு நாற்பது. எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன். பேய்க் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் முதலில் சத்தியம் செய்வார்கள். நானும் அதையெல்லாம் போர்வைக்குள் படித்துவிட்டுச் சிரித்தவள்தான். உங்களுக்கும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். நேரமெல்லாம் என் போனில் பதிந்திருக்கிறது.

முதலில் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா கடற்படையில் இருக்கிறார். விமானந்தாங்கிக் கப்பலில் ஆயுதப் பிரிவு. விமானத்தின் இறக்கையில் குண்டுகளை மாட்டுவதும், போடாமல் திரும்பி வந்தால் கழற்றுவதும் அவருடைய ஆட்களின் வேலை. என் அண்ணனும் அதே பிரிவில்தான் சேர்ந்தான். வேறு கப்பலில் போட்டிருந்தார்கள். அப்பாதான் கெஞ்சிக் கூத்தாடித் தன் கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். "எங்கயோ கிடக்கிறதுக்கு என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றார்.

அந்த வேலையில் ஒரு கட்டாயமான முறை உண்டு. இறக்கைக்குக் கீழே ஆள் இருக்கும்போது, மேலே உட்கார்ந்திருக்கிற பைலட் இரண்டு கைகளையும் தூக்கி, வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். கை எந்தப் பொத்தானிலும் இல்லை என்று எல்லாரும் பார்க்க வேண்டும். விமானத்துக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் வட்டம் வரைந்திருப்பார்கள். அதில் ஒருவர் நிற்பார். பைலட்டின் கைகளைக் கண் எடுக்காமல் பார்ப்பது ஒன்றுதான் அவர் வேலை. கீழே இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்ததும் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அதற்கப்புறம்தான் பைலட் கையை இறக்கலாம். வட்டத்தில் ஆள் இல்லையென்றால் யாரும் இறக்கைக்குக் கீழே போகவே கூடாது.

அப்பாதான் வட்டத்தில் நிற்பவர்.

"நாட்டுலயே சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நம்ம அப்பாதான்" என்பான் அண்ணன், சாப்பிடும்போது.

"நான் நிக்கலைன்னா நீ படுத்துடுவடா" என்பார் அப்பா. அம்மா கரண்டியை ஓங்குவாள். "சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது?"

சும்மா நிற்கிற வேலை என்று மேலே இருந்தவர்களும் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ராணுவச் செலவைக் குறைக்கிறோம் என்று டிவியில் சொன்னார்கள். அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது தெரியுமா? முதலில் கப்பலுக்குப் பெயின்ட் வருவது நின்றது. அப்புறம் ஸ்டோரில் பூட்ஸ் லேஸ் தீர்ந்தது. அண்ணன் மூன்று மாதம் இடது பூட்ஸை மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தான். "இத்தாம் பெரிய கப்பல் கட்டுவாங்களாம், ஒரு முழம் லேஸ் வாங்க முடியாதாம்" என்று என்னிடம் காலைத் தூக்கிக் காட்டுவான். விமானங்களின் பழைய ஒயர்களை மாற்றுவது அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போனது. கடைசியாக ஆட்கள். வட்டத்தில் நிற்பவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேரைக் கழித்துவிட்டு அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஏழாம் நம்பர் விமானத்தின் இறக்கையிலிருந்து ஒரு பயிற்சிக் குண்டு விழுந்தது. உள்ளே வெடிமருந்து இல்லை, சிமென்ட்தான். ஆனால் இருநூற்றைம்பது கிலோ.

கீழே அண்ணன் இருந்தான்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது.

விசாரணை பதினோரு நாள் நடந்தது. பைலட் கையை இறக்கிப் பொத்தானைத் தொட்டுவிட்டார் என்று முடிவு செய்தார்கள். சாட்சி ஒருவர்தான். வட்டத்தில் நின்ற என் அப்பா. "அவர் கையை இறக்கினதை நான் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்தார். பைலட் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "நான் கையை இறக்கவே இல்லை." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை போனது. பெயரும் போனது.

அந்தப் பைலட் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வெட்கப்படாமல் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அதற்காகவே அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அவர் "அந்த ஆளு" ஆகிவிட்டார். தினமும் அண்ணன் போட்டோவைத் துடைக்கும்போது அம்மா ஒன்று சொல்வாள். "அந்தக் கை விளங்காமப் போகட்டும்."

அப்பா அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். துக்கம் என்று நினைத்தேன்.

பிறகு கப்பலே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. வைத்துக் காப்பாற்றக் காசில்லை. நல்ல விமானங்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஏழாம் நம்பரை மட்டும் விட்டுவிட்டார்கள். சரிசெய்ய ஆகும் செலவுக்கு அது தகுதி இல்லையாம். கப்பலோடு சேர்த்து உடைக்கிற இடத்துக்கு இழுத்துப் போவதாக ஏற்பாடு. இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு. அதனால் நேற்று மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, வேலை செய்தவர்களின் குடும்பங்கள் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள்.

அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அண்ணன் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவான். "ஏழாம் நம்பர்ல சக்கரம் மடங்குற கூட்டுக்குள்ள உன் பேரை எழுதி வெச்சிருக்கேன். வாலு இல்லாம எந்த விமானமும் பறக்காது தெரியுமா?" என்று ஒருநாள் சொன்னான். அவன் கையெழுத்தில் என் பெயர். அதை ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். நாளைக்கு அது பழைய இரும்பு.

கப்பலில் ஏறியதும் அப்பா சொன்னார். "மேல்தளத்துல சுத்திப் பாரு. கீழ ஹேங்கர் பக்கம் போகாத. கரன்ட் கட் பண்ணிட்டாங்க."

"சரிப்பா."

நாலு பத்துக்கு அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது நழுவினேன்.

ஹேங்கர் என்பது விமானங்களை நிறுத்தி வைக்கிற கீழ்த்தளம். ஒரு பெரிய கல்யாண மண்டபம் அளவு இருக்கும். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே அமாவாசை. எங்கோ தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... போன் வெளிச்சத்தில் ஏழாம் நம்பர் தெரிந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் அது ஒன்றுதான் நின்றது. வகுப்பு முடிந்தும் வீட்டுக்குக் கூட்டிப்போக யாரும் வராத பிள்ளை மாதிரி.

முதலில் மேலே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பைலட் உட்காருகிற இடம் காலி. கண்ணாடி மூடி, தூசி படிந்திருந்தது. இதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். காலி.

குனிந்து இறக்கைக்குக் கீழே போனேன். தரையில் படுத்து, முதுகாலேயே நகர்ந்து சக்கரக் கூட்டுக்குள் வெளிச்சம் அடித்தேன். இருந்தது. கறுப்பு மார்க்கரில், ஒரு பக்கம் சாய்ந்து, வாலு. பக்கத்தில் ஒரு குட்டி வால் படம் வேறு.

அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தேன். போட்டோவில் நேரம் நாலு பதினாறு.

சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த அமைதியில்தான் மற்ற சத்தம் கேட்டது.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

ஏதோ கடைசி வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்தேன். "யாரு, அண்ணா?" என்று கேட்டேன். அங்கே வேலை செய்கிற எல்லாரையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வாய் தவறி எதுவும் சொல்லவில்லை.

சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

மறுபடியும் கிர்ர்ர்...

தலையை வலப்பக்கம் திருப்பினேன். பூட்ஸ். போன் வெளிச்சத்தை அந்தப் பக்கம் நகர்த்தினேன். வலது பூட்ஸில் கறுப்பு லேஸ்.

இடது பூட்ஸில் மஞ்சள் கயிறு.

எனக்குக் கத்த வரவில்லை. பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. கையை நீட்டித் தொட்டுவிடலாமா என்று வந்தது. ஒன்றரை முழத் தூரம்தான். "டேய்" என்று கூப்பிட்டால் திரும்புவானா... என்று வந்தது.

கையை நீட்டினேன்.

கயிற்றுக்குப் பக்கத்தில் போனதும் விரல் நுனியில் குளிர் ஏறியது. ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி. கையை இழுத்துக்கொண்டேன். அதற்காக என்னை நானே மன்னிக்கப் போவதில்லை.

முதுகாலேயே பின்னால் நகர்ந்தேன். மூக்குப் பக்கமாக, விமானத்தின் முன்னால் வந்து எழுந்து நின்றேன். காலுக்குக் கீழே பார்த்தேன். பாதி அழிந்த மஞ்சள் கோடு. வளைந்து போனது.

நான் வட்டத்துக்குள் நிற்கிறேன்.

மேலே பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பார்த்தேன்.

கண்ணாடிக்குள் இரண்டு கைகள். மேலே தூக்கிய கைகள்.

கையுறை இல்லை. மெலிந்த, மஞ்சள் பூத்த கைகள். இடது புறங்கையில் வெள்ளையாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அதன் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் போன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. முகம் தெரியவில்லை.

கைகள் நடுங்கின.

பயமுறுத்துகிற நடுக்கம் இல்லை. வகுப்பில் டீச்சர் கையைத் தூக்கி நிற்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு நடுக்கம் வருமே... அது. மெல்ல மெல்லத் தாழும். சட்டென்று நினைவு வந்த மாதிரி மறுபடி மேலே போகும். தாழும். மேலே போகும்.

அவர் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

வட்டத்தில் நிற்கிற ஆளுக்காக.

எனக்காக.

கட்டைவிரலைக் காட்டினால் போதும். கை இறங்கிவிடும். அந்த ஆளின் வலி போய்விடும். எனக்கு அந்தச் சைகை தெரியும். அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

என் வலது கை பாதி வரை எழுந்துவிட்டது.

கிர்ர்ர்...

கீழே ஆள் இருக்கிறது. இன்னும் வெளியே வரவில்லை.

என் கை அப்படியே நின்றது.

"வெளிய வாடா..." என்றேன். "அண்ணா... வந்துடுடா..."

கிர்ர்ர்...

மேலே கைகள் தாழ்ந்தன. ரொம்பத் தாழ்ந்தன.

மேலே போயின.

ஓடினேன்.

படிக்கட்டில் முட்டி இடித்தது. மேல்தளத்து வெயில் முகத்தில் அறைந்தது. போனைப் பார்த்தேன். நாலு முப்பத்து மூன்று.

அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முட்டியில் ரத்தத்தைப் பார்த்தார். முதுகெல்லாம் எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"எங்க போன?"

"பாத்ரூம்."

மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

ராத்திரி ஒன்பது மணி பதினைந்துக்குக் கீழ்வீட்டு நர்ஸ் அக்கா வந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அந்தப் பைலட் மூன்று வாரமாக அக்காவின் வார்டில்தான் ஈரல் கெட்டுக் கிடந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது.

"அக்கா, அவரு போயிட்டாரு. சாயங்காலம்" என்றார்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "சரி" என்றாள். "போகட்டும்." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"சாவுன்னா எத்தனையோ பார்த்திருக்கேன்க்கா. இது மாதிரி பார்த்ததில்ல. அசையக்கூடத் தெம்பில்லாம கிடந்த மனுஷன், திடீர்னு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. டிரிப்ஸ் ஊசி பிடுங்கிட்டு வந்துடுச்சு, ரத்தம் வேற. நானும் வார்டு பாயும் சேர்ந்து இறக்கிப் பார்க்கிறோம், முடியல. 'கீழ ஆள் இருக்கு, கீழ ஆள் இருக்கு'ன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு. கடைசியில அழுதாருக்கா. 'கை வலிக்குது, யாராவது வட்டத்துல நில்லுங்க'ன்னு..."

"எப்ப?" என்று கேட்டேன்.

"நாலு பன்னெண்டுக்கு ஆரம்பிச்சது. சார்ட்ல எழுதியிருக்கேன். நாலு முப்பத்தொண்ணுக்கு உசுரு போச்சு."

"கை?"

அக்கா என்னைப் பார்த்தார். "இறங்கல பாப்பா. அப்படியேதான் கொண்டு போனோம்."

அம்மாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. நேரே போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு அப்பா சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸ், கயிறு, கைகள், பிளாஸ்திரி. திட்டுவார் என்று நினைத்தேன். கனவு கண்டிருப்பாய் என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன்.

"மேல உக்காந்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"அதுல சீட்டே இல்ல. ஆறு மாசம் முன்னாடி நான்தான் கழட்டி இறக்கினேன்."

மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"நான் அங்க நிக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எங்கப்பா?"

"வட்டத்துல. அன்னிக்கு நான் நிக்கல. மூணு விமானம், நான் ஒரு ஆளு. மூணாம் நம்பர்கிட்ட கூப்பிட்டாங்க. லேட் ஆகுதுன்னு கத்துறாங்க. உங்கண்ணன் 'ஆரம்பிக்கட்டுமாப்பா'ன்னு கேட்டான்." அவர் நிறுத்தினார். "'நீ ஆரம்பி, இதோ வந்துடறேன்'னு சொன்னேன். மூணாம் நம்பர் பக்கம் பாதி தூரம் போறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கும்போது அவரு கை ரெண்டும் மேலதான் இருந்துச்சு."

"அப்ப ஏன்ப்பா..."

"பழைய ஒயரா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதை எழுத யாருக்கும் இஷ்டமில்ல. 'நீங்க பார்த்தீங்கதானே, அவர் கையை இறக்கினாருதானே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆமான்னு சொன்னேன். சொல்லலைன்னா... நான்தான் அவனைக் கீழ அனுப்பினேன்னு ஆயிடும்ல?"

அப்பா அழுது நான் பார்த்தது இல்லை. அண்ணனைக் கொண்டு வந்தபோது கூட. அவர் இரண்டு கைகளையும் மேசை மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு அழுதார்.

அப்புறம் எழுந்து சட்டை மாட்டினார். மணி ஒன்று ஐந்து.

"எங்கப்பா போறீங்க?"

"ஆறு மணிக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள நான் போய் நிக்கணும். அவன் வெளிய வர்ற வரைக்கும் நின்னு, கட்டைவிரலைக் காட்டிட்டு வந்துடறேன்."

"பயமா இருக்குப்பா. காலைல போலாம்."

"எத்தனை நேரம்தான் கையைத் தூக்கிட்டே இருப்பாரு மனுஷன்?" செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "வந்ததும் உங்கம்மாகிட்ட சொல்றேன். பத்து மணிக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். என்ன வேணா பண்ணிக்கட்டும். அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு, உன் வயசு. அவ அப்பா கையை இறக்கலைன்னு அவளுக்குத் தெரியணும். அது வரைக்கும் நீ அம்மாகிட்ட வாயைத் திறக்காத. நான்தான் சொல்லணும்."

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இரண்டு பத்துக்கு நான் அவருக்குப் போன் செய்தேன். மூன்று முறை அடித்ததும் எடுத்தார். பேசவில்லை. "அப்பா?" என்றேன்.

டொக்... டொக்... தண்ணீர் சொட்டுகிறது.

"அப்பா... கேக்குதா?"

தூரத்தில் அவர் குரல். என்னிடம் பேசவில்லை. வேலை நேரத்தில் பேசுகிற கணீர்க் குரல். "நான் நிக்கிறேன்டா. இங்கதான் நிக்கிறேன். மெதுவா வா."

கிர்ர்ர்...

நின்றது.

இரும்புத் தரையில் பூட்ஸ் எழுந்து நடந்தது. டக்... டக்... டக்...

லைன் அறுந்துவிட்டது. நாற்பத்தொரு வினாடி என்று போன் காட்டியது. அப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம். வந்துவிட்டான். அப்பா கட்டைவிரலைக் காட்டியிருப்பார். அந்தக் கைகள் இறங்கியிருக்கும். காலையில் அப்பா வருவார். அம்மா கத்துவாள், அடிப்பாள், பேசாமல் இருப்பாள். ஆனால் அப்பா வருவார்... என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மனசு கேட்கவில்லை. இரண்டு இருபத்தைந்துக்குத் துறைமுக கேட்டுக்குப் போன் போட்டேன். அப்பாவைத் தெரிந்த காவலாளிதான் எடுத்தார்.

"அப்பா உள்ள இருக்காரா அண்ணா?"

"உங்கப்பாவா? வந்தாரும்மா, ஒண்ணரை மணி இருக்கும். முடியாதுன்னு சொல்லிட்டேன். கப்பல்ல ஏற வழியே கிடையாதே. ஏறுற பாலத்தை எட்டு மணிக்கே எடுத்துட்டோம். கயித்துல கட்டித் தண்ணிக்கு நடுவுல இழுத்து நிறுத்தியாச்சு. ஒரு ஆளும் உள்ள இல்ல."

"அப்புறம் அவர் எங்க போனாரு?"

"வீட்டுக்குத்தான் வந்திருப்பாருன்னு நினைச்சேன். வண்டி இங்கயேதான் நிக்குது... சுவர் ஓரமா நடந்து போனாரு. கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்துட்டு நின்னாரு. அப்புறம் நான் பார்க்கல பாப்பா. இருட்டு. ஏன், என்னாச்சு? இரு, டார்ச் எடுத்துட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கிறேன். நீ போனை வெச்சிடாத..."

நான் போனை வைக்கவில்லை. காதில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆட்கள் ஓடுகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை நிறுத்தினால் அந்தச் சத்தங்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு பத்துக்கு எனக்குப் போனில் கேட்டது கப்பலுக்குள் இருந்து கேட்டது. இரும்புத் தரை. சொட்டுகிற தண்ணீர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது மணி மூன்று நாலு.

பக்கத்து அறையில் கட்டில் முனகுகிறது. அம்மா எழுந்துவிட்டாள். செருப்பைத் தேடுகிற சத்தம். கூடத்து விளக்கைப் போடுகிறாள்.

கதவைத் திறந்துவிட்டாள்.

தலைமுடி கலைந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். என் கையில் இருக்கிற போனைப் பார்க்கிறாள். காலியாக இருக்கிற அப்பாவின் செருப்பு இடத்தைப் பார்க்கிறாள்.

"என்னடி, இன்னும் தூங்கலையா?" என்கிறாள். "உங்கப்பா எங்க?"